மனைவியிலிருந்து பிறந்த கணவன்

எஸ்பெராண்டோ மொழியில் மனைவியை 'எட்ஜினோ' என்பார்கள். கணவனை 'எட்ஜோ' என்பார்கள். இந்த இரண்டு சொற்களும் எங்கிருந்து வந்தன என்பதுதான் இன்றைய கதை.

தொடங்குமுன் ஒரு சின்ன விஷயம். 'எட்ஜினோ'வில் வரும் 'ஜ'வை 'ராஜா'வில் வரும் ஜ மாதிரி வாசிக்க வேண்டாம். ஆங்கிலத்தில் 'ஜீரோ' என்று சொல்லும்போது முதலில் வருமே, தேனீ ரீங்காரமிடுவது போல ஓர் ஒலி, அதுதான் இது. அதற்குத் தமிழில் தனி எழுத்து இல்லாததால் 'ஜ' போட்டிருக்கிறேன். இந்த ஒலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் நடுவில் இது சாட்சி சொல்ல வரும்.

எஸ்பெராண்டோவைக் கேள்விப்படாதவர்களுக்கு: அது தானாக வளர்ந்த மொழி அல்ல. ஒரு மனிதர் மேசையில் உட்கார்ந்து எழுதி உருவாக்கிய மொழி. 1887ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி, அன்று ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த வார்சா நகரில், ரஷ்ய மொழியில் ஒரு சிறிய புத்தகம் வெளிவந்தது. அதில் 16 இலக்கண விதிகளும் ஏறத்தாழ 900 வேர்ச்சொற்களும் இருந்தன. எழுதியவர் பெயர் 'டொக்டோரோ எஸ்பெராண்டோ' என்று போட்டிருந்தது. 'நம்பிக்கை வைத்திருக்கும் டொக்டர்' என்று பொருள். அந்தப் புனைபெயரே பிறகு மொழியின் பெயராகிவிட்டது. உண்மைப் பெயர் லுட்விக் லாஸர் ஸாமன்ஹோஃப். கண் மருத்துவர். அப்போது அவருக்கு வயது 27.

சாதாரண மொழியில் ஒரு சொல்லின் பிறப்பைத் தேடுவது கடினம். 'தண்ணீர்' என்று முதன்முதலில் சொன்னவர் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எஸ்பெராண்டோவுக்கு ஒரு தகப்பன் உண்டு, பிறந்த திகதி உண்டு, பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஒரு புத்தகமும் உண்டு. சொல் எங்கிருந்து வந்தது என்று அவரையே கேட்டுவிட்டால் வேலை முடிந்தது அல்லவா?

கேட்டார்கள். அவரும் பதில் சொன்னார். ஆனாலும் வேலை முடியவில்லை.

யாருக்கும் சொந்தமில்லாத சொல்

எஸ்பெராண்டோச் சொற்களில் பெரும்பாலானவற்றை நீங்களே ஊகித்துவிடலாம். 'அக்வோ' என்றால் தண்ணீர், லத்தீனிலிருந்து வந்தது. 'லிப்ரோ' என்றால் புத்தகம், அதுவும் அப்படியே. 'ஹுண்டோ' என்றால் நாய், ஜேர்மன். 'பிர்டோ' என்றால் பறவை, ஆங்கிலம். 'கொல்பாசோ' என்றால் சொசேஜ், ரஷ்யச் சொல். பெயர்ச்சொல் எல்லாம் 'ஓ'வில் முடியும், அவ்வளவுதான். ஸாமன்ஹோஃப் வேண்டுமென்றே இப்படிச் செய்தார். ஐரோப்பாவில் பலருக்கும் ஏற்கெனவே பழகிய வேர்களை எடுத்தால் படிப்பது சுலபம் என்று நினைத்தார்.

சொற்களை ஒன்றிலிருந்து ஒன்றாக உருவாக்கவும் வழி வைத்தார். பெண்பாலுக்கு 'இன்' என்று ஓர் ஒட்டு. 'பாத்ரோ' தகப்பன், 'பாத்ரினோ' தாய். 'ஃப்ராத்தோ' சகோதரன், 'ஃப்ராத்தினோ' சகோதரி. நாங்கள் 'மாணவன், மாணவி' என்று சொல்வது போலத்தான், ஆனால் ஒரு விதிவிலக்கும் கிடையாது.

'எட்ஜோ, எட்ஜினோ' ஜோடியும் இதே வாய்ப்பாட்டில்தான் நிற்கிறது. 'எட்ஜினோ'விலிருந்து 'இன்'னையும் 'ஓ'வையும் கழற்றினால் 'எட்ஜ்' என்ற வேர் மிஞ்சும். கணவன் என்று பொருள்.

சரி, இந்த 'எட்ஜ்' எந்த மொழி? கணவனை லத்தீனில் 'மாரித்துஸ்' என்பார்கள். பிரெஞ்சில் 'மாரி', ஜேர்மனில் 'மான்', ரஷ்ய மொழியில் 'மூஷ்', ஆங்கிலத்தில் 'ஹஸ்பண்ட்'. ஒன்றுகூட 'எட்ஜ்'ஜுக்குப் பக்கத்தில் வரவில்லை. மனைவிக்கான சொற்களைத் தேடினாலும் அதே கதைதான். தகப்பனுக்கும் தாய்க்கும் லத்தீன் வேரை எடுத்த மனிதர், ஒரு வீட்டில் தினமும் புழங்குகிற 'கணவன், மனைவி'க்கு மட்டும் எங்கே போனார்?

இதற்குப் பதில் தேட, அவர் பிறந்த ஊருக்குப் போக வேண்டும்.

நாலு மொழிச் சந்தை

ஸாமன்ஹோஃப் 1859ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் தேதி பியாலிஸ்டோக் என்ற ஊரில் பிறந்தார். இன்று அது போலந்தில் இருக்கிறது. அன்று ரஷ்யப் பேரரசில் இருந்தது. ஊரில் யூதர்களே அதிகம். அவர்களோடு போலந்துக்காரர், ரஷ்யர், ஜேர்மானியர் எல்லோரும் வாழ்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மொழி. ஒருவரை ஒருவர் நம்பவும் மாட்டார்கள். பிற்காலத்தில் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஸாமன்ஹோஃப் இதைச் சொல்கிறார்: எல்லா மனிதரும் சகோதரர் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்தார்கள், ஆனால் தெருவில் இறங்கினால் மனிதர் என்று யாரும் இல்லை, ரஷ்யர், போலந்துக்காரர், ஜேர்மானியர், யூதர் என்றுதான் இருந்தார்கள். பெரியவர்கள் எல்லாம் வல்லவர்கள், நான் வளர்ந்ததும் இதைச் சரிசெய்துவிடுவேன் என்று அந்தச் சின்னப் பையன் நினைத்தான்.

அவர் ஒரு யூதக் குடும்பத்துப் பிள்ளை. தகப்பன் மார்கஸ் மொழி ஆசிரியர், ரஷ்ய மொழியில் பற்றுள்ளவர். வீட்டில் ரஷ்ய மொழியும் யிடிஷும் இருந்தன. பள்ளிக்கூடத்தில் ஜேர்மன், பிரெஞ்சு, லத்தீன், கிரேக்கம் எல்லாம் வந்து சேர்ந்தன.

யிடிஷ் என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் கதைத்த மொழி. அதன் எலும்புக்கூடு ஜேர்மன். அதோடு ஹீப்ரூச் சொற்களும் ஸ்லாவிய மொழிகளின் சொற்களும் கலந்திருக்கும். எழுதுவது ஹீப்ரூ எழுத்தில். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதைப் பேசினார்கள்.

1873இல் குடும்பம் வார்சாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பள்ளியில் படிக்கும்போதே அவர் தன் பொதுமொழியைக் கட்டத் தொடங்கிவிட்டார். ஆனால் ஓர் இடத்தில் திணறினார். இத்தனை ஆயிரம் சொற்களை யார் மனப்பாடம் செய்வது? அதற்கான விடை தெருவில் கிடைத்தது. தினமும் பார்த்த ஒரு பெயர்ப்பலகை: 'ஷ்வெய்ட்ஸார்ஸ்கயா', வாசல் காவலர் அறை. பிறகு இன்னொரு பலகை: 'கொண்டிடெர்ஸ்கயா', இனிப்புக் கடை. இரண்டிலும் 'ஸ்கயா' என்ற ஒரே வால். அந்த வாலைத் தனியாக வெட்டி எடுத்தால் எந்தச் சொல்லோடும் ஒட்டலாமே! ஒரு வேரை மட்டும் படித்தால் போதும், ஒட்டுகளால் பத்துச் சொற்கள் கிடைத்துவிடும். எஸ்பெராண்டோவின் இயந்திரமே இதுதான்.

எல்லோரும் பலகையில் கடையைப் பார்த்தபோது, இவர் சொல்லின் தையலைப் பார்த்திருக்கிறார். எங்கே கத்தரிக்கோல் வைக்கலாம் என்று. 'எட்ஜினோ'வின் கதையிலும் அதே கத்தரிக்கோல்தான் வருகிறது.

உருவாக்கியவர் சொன்ன பதில்

ஸாமன்ஹோஃபே தந்த விளக்கம் இது. ஜேர்மனில் பட்டத்து இளவரசன் 'க்ரோன்பிரின்ட்ஸ்'. அவனுடைய மனைவி 'க்ரோன்பிரின்ட்ஸெஸின்'. முதலில் இந்தச் சொல்லைத் தன் மொழிக்கு எடுத்து 'க்ரோன்பிரின்ட்ஸெட்ஜினோ' என்று வைத்தார். இதில் 'இளவரசன்' என்ற பகுதியை வெட்டினால் பின்னால் ஒரு வால் மிஞ்சுகிறது. முழுச்சொல்லின் பொருள் 'இளவரசனின் மனைவி' என்றால், அந்த வாலின் பொருள் 'மனைவி'. இப்படித்தான் 'எட்ஜினோ' வந்தது.

அடுத்த வெட்டு இன்னும் வேடிக்கை. 'எட்ஜினோ'வுக்குள் ஏற்கெனவே ஓர் 'இன்' இருக்கிறது. அதுதான் அவருடைய பெண்பால் ஒட்டும். அப்படியென்றால் அதைக் கழற்றினால் ஆண்பால் கிடைக்க வேண்டும். கழற்றினார். 'எட்ஜோ' கிடைத்தது. கணவன்!

அகராதியைப் பார்த்தால் கணவன்தான் வேர், மனைவி அதிலிருந்து வந்தவள் என்று தோன்றும். வரலாற்றில் தலைகீழ். மனைவி முதலில் வந்தாள். அவளிடமிருந்துதான் கணவனை வெட்டி எடுத்தார்கள்.

இயற்கை மொழிகளிலும் இப்படி நடக்கும். ஆங்கிலத்தில் 'எடிட்டர்' என்ற சொல்தான் முதலில் வந்தது. பிறகு யாரோ அதன் வாலை நறுக்கி 'எடிட்' என்ற வினைச்சொல்லை உருவாக்கினார்கள். ஆனால் இன்று எல்லோரும் 'எடிட்'டிலிருந்துதான் 'எடிட்டர்' வந்தது என்று நினைப்பார்கள்.

தொண்டை சொல்லும் சாட்சி

இப்போது நான் நினைவில் வைக்கச் சொன்ன ஒலிக்கு வருவோம்.

ஜேர்மன் சொல்லில் 'பிரின்ட்ஸ்'ஸை வெட்டினால் மிஞ்சுவது 'எஸின்'. வெறும் ஸ். எஸ்பெராண்டோவில் இருப்பதோ 'எட்ஜின்'. நடுவில் ஒரு 'ட்' எங்கிருந்து முளைத்தது? 'ஸ்' ஏன் தேனீ ஒலியாக மாறியது? 'எஸினோ' என்றே வைத்திருக்கலாமே?

இன்னொரு சந்தேகமும் வரும். மனைவிக்கு ஒரு சொல் தேடுகிற மனிதர், எத்தனையோ சொற்கள் இருக்க, பட்டத்து இளவரசியிடம் ஏன் போனார்? பியாலிஸ்டோக் தெருவில் பட்டத்து இளவரசி யாரும் நடக்கவில்லை.

ஆனால் வேறு ஒருத்தி நடந்தாள். யூதர்களின் மதகுரு ராபி. யிடிஷில் 'ரெபெ' என்பார்கள். அவருடைய மனைவிக்கு ஒரு தனிப் பெயர் உண்டு: 'ரெபெட்ஸின்'. எங்கள் ஊரில் ஐயரின் மனைவியை 'ஐயரம்மா' என்கிறோமே, அதே மாதிரி. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெண், தினமும் வாயில் வரும் சொல்.

'ரெபெட்ஸின்'னில் 'ரெப்'பை வெட்டிவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது 'எட்ஸின்'.

இப்போது தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு 'எட்ஸின்' என்று சொல்லுங்கள். பிறகு தேனீ ஒலியோடு 'எட்ஜின்' என்று சொல்லுங்கள். நாக்கு இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் நிற்கும். தொண்டை அதிர்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம். ஜேர்மன் 'எஸின்'னிலிருந்து வர இரண்டு படி ஏற வேண்டும். யிடிஷ் 'எட்ஸின்'னிலிருந்து ஒரு படி போதும்.

அந்த ஒரு படிக்கும் ஒரு காரணம் கண்ணில் படுகிறது. எஸ்பெராண்டோவில் 'எட்ஸ்' என்ற ஒட்டு ஏற்கெனவே வேறு வேலைக்கு இருந்தது. தமிழில் 'நட்பு', 'அழகு' என்று தன்மையைச் சொல்லும் சொற்களை அதை வைத்துத்தான் உருவாக்குவார்கள்: 'அமிகோ' நண்பன், 'அமிகெட்ஸோ' நட்பு, 'பேலா' அழகான, 'பெலெட்ஸோ' அழகு. மனைவிக்கும் 'எட்ஸ்' என்றே வைத்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். தொண்டையைக் கொஞ்சம் அதிரவிட்டால் மோதல் இல்லை.

பொருளும் சாட்சி சொல்கிறது. எஸ்பெராண்டோவில் 'டொக்டோரினோ' என்றால் பெண் டொக்டர். 'டொக்டோரெட்ஜினோ' என்றால் டொக்டரின் மனைவி. தமிழில் 'டொக்டரம்மா' என்றால் இரண்டில் யார் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எஸ்பெராண்டோவில் குழப்பமே இல்லை. ஒரு மனிதரின் தொழிலோடு ஒட்டி 'அவருடைய மனைவி' என்று சொல்வது, அதுதான் 'ரெபெட்ஸின்' செய்கிற வேலையும்.

அப்படியென்றால் ஸாமன்ஹோஃப் பொய் சொன்னாரா? நான் அப்படி நினைக்கவில்லை. ஜேர்மனும் யிடிஷும் உறவுக்கார மொழிகள். இரண்டும் தெரிந்த ஒருவரின் காதில் இளவரசியின் வாலும் ராபி மனைவியின் வாலும் ஒரே வாலாகவே கேட்டிருக்கும். இளவரசி அவருடைய மேசையில் இருந்தாள். ராபியின் மனைவி அவருடைய காதில் இருந்தாள். மேசையில் இருந்ததை அவர் சொன்னார். காதில் இருந்ததை, பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொல்லின் ஒலியை வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

பெயர் சொல்லப்படாத மொழி

இது ஒரு சின்னச் சொல்லைப் பற்றிய சண்டை மாதிரித் தோன்றலாம். ஆனால் அன்று யிடிஷ் எப்படிப் பார்க்கப்பட்டது என்று தெரிந்தால் அப்படித் தோன்றாது.

படித்தவர்கள் யிடிஷை ஒரு மொழியாகவே மதிக்கவில்லை. 'ஜார்கன்' என்றார்கள், கொச்சைப் பேச்சு என்ற மாதிரி. வெளியார் மட்டுமல்ல, படித்த யூதர்களே அப்படிச் சொன்னார்கள். இலக்கணம் இல்லாத உடைந்த ஜேர்மன் என்று நினைத்தார்கள். வீட்டில் கதைக்கலாம், வெளியே கதைத்தால் வெட்கம்.

இதில் ஸாமன்ஹோஃப் எந்தப் பக்கம் நின்றார்? இளைஞராக இருந்தபோது அவர் யிடிஷுக்கு ஒரு முழு இலக்கணம் எழுதினார், ரஷ்ய மொழியில். யிடிஷுக்கு எழுதப்பட்ட முதல் இலக்கணங்களில் அது ஒன்று. அதை லத்தீன் எழுத்தில் எழுதலாம் என்றும் ஒரு முறை வகுத்தார். 1881இல் ரஷ்யச் சக்கரவர்த்தி கொல்லப்பட்ட பிறகு யூதர்கள் மேல் தாக்குதல்கள் நடந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் அவருடைய வார்சாவிலும் நடந்தது. அந்தக் காலத்தில் அவர் யூதர்களுக்கு என்ன வழி என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தார். பிறகுதான் முழுமூச்சாக எஸ்பெராண்டோவுக்குத் திரும்பினார். யிடிஷ் இலக்கணம் பெட்டிக்குள் கிடந்தது. 1909இல் அதன் ஒரு பகுதி வில்னாவின் ஒரு யிடிஷ் சஞ்சிகையில் வந்தது. எழுதியவர் பெயர் 'டொக்டர் எக்ஸ்'. முழுப் புத்தகம் வெளிவந்தது 1982இல், அவர் இறந்து 65 ஆண்டுகளுக்குப் பிறகு.

பொதுமொழியை எழுதியபோது 'நம்பிக்கை வைத்திருக்கும் டொக்டர்' என்று ஒரு பெயர். யூதர்களின் மொழியைப் பற்றி எழுதியபோது 'டொக்டர் எக்ஸ்'.

1905இல் பிரான்ஸின் பூலோஞ்-சுர்-மேர் நகரில் முதல் உலக எஸ்பெராண்டோ மாநாடு நடந்தது. யூத அதிகாரி டிரைஃபஸ் மேல் சுமத்தப்பட்ட பொய்க் குற்றச்சாட்டால் பிரான்ஸ் இரண்டாகப் பிளந்திருந்த காலம். எஸ்பெராண்டோவை உருவாக்கியவர் ஒரு யூதர் என்பது பெரிதாகத் தெரியாமல் இருப்பதே இயக்கத்துக்கு நல்லது என்று அங்கிருந்த தலைவர்கள் நினைத்தார்கள். அதே ஆண்டில் மொழியின் அடிப்படை நூலும் வெளிவந்தது. அதன் அகராதியில் ஒவ்வொரு வேருக்கும் ஐந்து மொழிகளில் பொருள் தந்தார்கள்: பிரெஞ்சு, ஆங்கிலம், ஜேர்மன், ரஷ்யன், போலிஷ். யிடிஷ் அதில் இல்லை.

ஆனால் 'எட்ஜ்' என்ற வேரைத் தேடி அந்தப் பக்கத்தைத் திறப்பவர், அங்கே தந்த ஐந்து மொழிச் சொற்கள் எதிலும் இல்லாத ஒலியைப் பார்க்கிறார். வீட்டின் முன்வாசலில் பெயர் எழுதப்படாத மொழி, சமையலறை வழியாக உள்ளே வந்திருக்கிறது.

ஒரு சொல்லுக்குள் மூன்று பேர்

'ரெபெட்ஸின்' என்ற சொல்லையே இன்னும் ஒருமுறை பிரித்துப் பார்ப்போம்.

'ரெபெ' ஹீப்ரூவிலிருந்து வந்தது. 'என் ஆசான்' என்று பொருள். அதன் பிறகு வரும் 'இட்ஸ்' ஸ்லாவிய மொழிகளின் பெண்பால் ஒட்டு. கடைசியில் வரும் 'இன்' ஜேர்மனியக் குடும்பத்தின் பெண்பால் ஒட்டு. ஒரு பெண்ணைக் குறிக்க இரண்டு மொழிகளின் பெண்பால் ஒட்டுகள், ஒன்றன் மேல் ஒன்றாக! இலக்கணம் தெரிந்தவர் யாரும் உட்கார்ந்து இப்படி ஒரு சொல்லைத் திட்டமிட மாட்டார். பல தலைமுறைகள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்ந்ததால் வந்தது அது.

அதாவது பியாலிஸ்டோக் சந்தையில் ஒருவரை ஒருவர் நம்பாமல் நின்ற அதே மக்கள், யூதரும் ஸ்லாவியரும் ஜேர்மானியரும், இந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றாக இருந்தார்கள். அந்தப் பையன் இல்லை என்று ஏங்கிய ஒன்று அவன் வீட்டுப் பேச்சில் ஏற்கெனவே இருந்தது. அதிலிருந்துதான் ஒரு துண்டை வெட்டி உலகத்துக்கான மொழியில் வைத்தான், வெட்டியது தெரியாமலே இருந்திருக்கலாம்.

சொல்லுக்குள் ஒன்றாக இருந்ததால் மட்டும் தெருவில் ஒன்றாகிவிடவில்லை. 1906ஆம் ஆண்டு ஜூன் மாதம் பியாலிஸ்டோக்கில் யூதர்கள் மேல் பெரிய வன்முறை நடந்தது. 80க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அந்த ஓகஸ்டில் ஜெனீவாவில் நடந்த இரண்டாவது மாநாட்டில் ஸாமன்ஹோஃப் பேச எழுந்தபோது, தன் பிறந்த ஊரில் நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

உண்மையான எட்ஜினோ

இவ்வளவு நேரம் சொல்லைப் பற்றியே கதைத்துவிட்டோம். ஸாமன்ஹோஃபின் சொந்த எட்ஜினோவைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் கிளாரா ஸில்பெர்னிக். இருவருக்கும் திருமணம் நடந்தது 1887ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் தேதி. புத்தகம் வெளிவந்து இரண்டு வாரம் கழித்து. அந்தப் புத்தகத்தை அச்சிடப் பணம் கொடுத்து உதவியவர் கிளாராவின் தகப்பன். வருமானம் இல்லாத ஓர் இளம் டொக்டர், யாரும் பேசாத ஒரு மொழியில் புத்தகம் போடப் போகிறேன் என்கிறார். மாமனார் பணம் கொடுக்கிறார், மகள் சரி என்கிறாள். எஸ்பெராண்டோ உலகத்துக்கு வந்தது இந்த இருவரின் சம்மதத்தால். அந்த மொழியில் கணவன் என்ற சொல் மனைவியிலிருந்து பிறந்தது என்பது இதோடு நன்றாகவே பொருந்துகிறது.

ஸாமன்ஹோஃப் 1917ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி வார்சாவில் இறந்தார். கிளாரா 1924இல் இறந்தார். நாஜிகள் வந்தபோது அவர்கள் இல்லை. பிள்ளைகள் மூவரும் இருந்தார்கள். மகன் ஆதாம் 1940 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மகள்கள் ஸோஃபியாவும் லிடியாவும் 1942இல் ட்ரெப்ளிங்கா முகாமில் கொல்லப்பட்டார்கள். அவர்களோடு யிடிஷ் பேசிய பல இலட்சம் பேரும் போனார்கள். பியாலிஸ்டோக்கில் இன்று ரெபெட்ஸின் என்று அழைக்க ஆளில்லை.

ஆனால் உலகத்தில் எங்காவது ஓர் எஸ்பெராண்டோக் கூட்டத்தில் ஒரு ஜப்பானியரோ பிரேசில்காரரோ எழுந்து, 'இவர் என் எட்ஜினோ' என்று தன் மனைவியை அறிமுகப்படுத்துவார். அந்த மொழியிலேயே பிள்ளை வளர்க்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு இது அம்மாவைப் பற்றி அப்பா சொல்லும் சொல், அவ்வளவுதான். அதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று அவர்கள் தேடிப் பார்த்தால் தெரியும்.

நாங்களும் தேடிப் பார்க்கலாம். ஈழத்து வீடுகளில் உட்காரும் 'கதிரை' போர்த்துக்கீசர் விட்டுப் போனது. காற்று வரத் திறக்கும் 'யன்னல்' அதே போல. தாத்தா வேலை செய்த 'கந்தோர்' ஒல்லாந்தரின் சொல். வந்தவர்கள் எல்லோரும் நல்லபடியாக வந்தவர்கள் அல்ல. கோயில்களை இடித்தவர்களின் சொல்லில்தான் நாங்கள் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறோம். 'நாற்காலி' என்று சொல்லும் தமிழ்நாட்டு நண்பர்கள் 'கதிரை' தமிழா என்று கேட்பார்கள். நான் முன்பெல்லாம் கொஞ்சம் கூச்சப்படுவேன். இப்போது அதன் கதையைச் சொல்லிவிடுவேன்.

'டொக்டரம்மா'வும் இதே மாதிரிதான். முன்பாதி லத்தீன், ஆங்கிலத்தின் வழியாக வந்தது. பின்பாதி சுத்தமான தமிழ். யாரும் உட்கார்ந்து திட்டமிடாமல், நோயாளிகள் வாசலில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தைத்த சொல். 'ரெபெட்ஸின்' செய்யப்பட்ட விதமும் இதுதான்.

வார்சாவில் அந்த ஏழைக் கண் டொக்டரின் வீட்டுக் கதவைத் திறந்தவர் கிளாரா. எஸ்பெராண்டோவில் அவர் டொக்டோரெட்ஜினோ. எங்கள் ஊராக இருந்திருந்தால், வந்த சனம் 'டொக்டரம்மா, ஐயா நிக்கிறாரோ?' என்று கேட்டிருக்கும்.